சையத் அப்துல் ரஹீம் (1909–1963): ஆட்டக்காரர், ஆசிரியர், பயிற்றுநர்

ஹைதராபாத்தில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் ஆடி, பள்ளி ஆசிரியரான ரஹீம், 1943 முதல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணிக்கும் 1950 முதல் இந்திய அணிக்கும் பயிற்சியளித்தார். பந்தைத் தனியாளாக உருட்டிச் செல்வதைத் தடைசெய்தும், பழக்கமற்ற காலால் மட்டுமே உதைக்கப் பணித்தும் அவர் நடத்திய போட்டிகள், சக வீரருக்கு விரைந்து பந்து கடத்தும் கூட்டாட்டத்தை வளர்த்தன.

1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கமும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் இந்தியாவுக்குக் கிடைத்தது அவரது பயிற்சியில்தான். புற்றுநோயின் வேதனையோடு அவர் வழிநடத்திய 1962 ஜகார்த்தா இறுதியாட்டத்தில், மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ் கோல் காக்க, இந்தியா தென்கொரியாவை 2-1 என வென்றது.

1960 ரோம் ஒலிம்பிக் அணியில் அவரிடம் பயின்ற தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜ், பின்னர் தாமும் பயிற்றுநராகி, மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டியான சந்தோஷ் கோப்பையை 1973இல் கேரளம் முதன்முறையாக வெல்ல வழிகாட்டினார்.