‘தொடரும்’ போட்ட கதைகள்: ஒரு வாசகரின் பார்வை

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு. “பையன் படிக்காமல் இல்லை, விடிய விடியப் படிக்கிறான். ஆனால் என்ன படிக்கிறான் என்றுதான் புரியவில்லை” என்பது அது. அட்டையில் பெரிய கண்களோடு ஒரு பெண், கையில் வாள், பின்னால் ஒரு பறவை நாகம், மேலே பதினான்காம் பாகம் என்று ஓர் எண். பதின்மூன்று பாகங்களைப் படித்து முடித்துப் பதினைந்தாவதற்காகக் காத்திருக்கும் பிள்ளையைக் கண்டு நாம் கவலைப்படுகிறோம். அந்தக் காத்திருப்பு நமக்கு மிகவும் பழகிய ஒன்று என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

அண்மைக் காலத்தில் வெளிவந்த மாயக்கதைத் தொடர்கள் சிலவற்றையும் நம் மொழியின் தொடர்கதைகள் சிலவற்றையும் ஒன்றாக வைத்துப் படித்த ஒரு வாசகனின் கருத்துகளே இக்கட்டுரை. பிள்ளைகளிடம் இந்த நூல்களைப் பிடுங்க வேண்டுமா, அல்லது இவற்றைக் கொண்டே அவர்களைத் தமிழ் வாசிப்புக்கு அழைத்து வர முடியுமா என்பதே இங்கே கேள்வி.

லைட் நாவல் என்பது என்ன?

பிள்ளைகள் கையில் இருப்பவற்றில் பெரும்பகுதி ஜப்பானில் ‘லைட் நாவல்’ என்று அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தவை. அங்கே இவை உள்ளங்கையில் அடங்கும் சிறு நூல்களாக வருகின்றன. எளிய நடை, நிறைய உரையாடல், இடையிடையே படங்கள். ஒரு கதை ஒரே நூலில் முடிவது அரிது; சில மாதங்களுக்கு ஒன்று என ஆண்டுக்கணக்கில் பாகங்கள் தொடரும். இதழ்களில் தொடராக வந்து பிறகு நூலானவை பழையவை. கடந்த இருபது ஆண்டுகளில் இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதப்பட்டு, வாசகர் ஆதரவைப் பெற்ற பின் அச்சேறியவை ஏராளம்.

இவற்றில் அடிக்கடி வரும் கதைப் பொருள் ஒன்று: இவ்வுலகில் இறந்தவர் வேறோர் உலகில், பழைய நினைவுகளோடு, மீண்டும் பிறக்கிறார். இதைக் கேட்டு வியப்படையத் தேவையில்லை. மறுபிறவியும் கூடு விட்டுக் கூடு பாய்தலும் விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நமக்குப் புதியவையா?

வேதாளம் சொல்லித் தந்த உத்தி

தொடர்கதையின் சூட்சுமத்தை அறிய முருங்கை மரத்தடிக்குப் போனாலே போதும். வேதாளம் ஒரு கதை சொல்கிறது. முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. மன்னன் வாய் திறந்ததும் மீண்டும் மரம் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு கதையும் தனக்குள் முடிகிறது. பெரிய கதையோ முடிவதில்லை. நல்ல தொடர் எதுவானாலும் இந்த இரண்டையும் ஒருங்கே செய்தாக வேண்டும். இந்த வாரம் படித்ததற்கு ஒரு நிறைவு. அடுத்த வாரத்திற்கு ஒரு பசி.

1947இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இந்த வேதாளத்தைப் பல இந்திய மொழிகளின் வீடுகளுக்குக் கொண்டு சென்றது. தோளில் வேதாளத்தைச் சுமந்து வாளோடு நடக்கும் மன்னனை வரைந்த ஓவியர் சங்கர் 2020இல் மறைந்தார். நம் அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பத்துப் பெரியவரும் அதே படத்தைக் கன்னடச் ‘சந்தமாமா’வில் பார்த்துத்தான் வளர்ந்திருப்பார். இதழ் நின்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அது பழக்கிய காத்திருப்பு இரண்டு மூன்று தலைமுறைகளை வாசகர்களாக்கிவிட்டது.

பெரியவர்களுக்கு அந்தப் பணியைச் செய்தவர் கல்கி. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள், ‘கல்கி’ வார இதழில் வந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். கதை முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் ஆசிரியர் மறைந்தார். இன்றும் அதைப் படிப்பவர்கள் நடு இரவில் புத்தகத்தை மூட முடியாமல் தவிப்பதற்குக் காரணம், ஒவ்வோர் அத்தியாயமும் வாசகனை இன்னும் ஏழு நாள் காக்க வைக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்டதுதான். 2022இலும் 2023இலும் திரைப்படமாக வந்தபோது நம் பிள்ளைகள் நந்தினி யார், வந்தியத்தேவன் யார் என்று கேட்டார்கள். கேள்வி பிறந்த அந்தச் சமயத்தில் எத்தனை வீடுகளில் புத்தகம் திறக்கப்பட்டது?

ஜாலஹள்ளியில் பிறந்த எதிர்காலம்

மாயக்கதை, விஞ்ஞானக் கதை என்றாலே வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. எழுத்தாளர் சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பொறியாளராகப் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தப் பெங்களூர் ஆண்டுகளில்தான் ‘என் இனிய இயந்திரா’ ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்தது. அவர் 1980களில் கற்பனை செய்த எதிர்காலம் 2020களின் தொடக்கம். அதாவது நாம் கடந்து வந்துவிட்ட ஆண்டுகள்.

அந்த நாட்டில் ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். பெயர்கள் இரண்டே எழுத்தில் இருக்க வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ என்று எண்ணிப் பாருங்கள், சரியாக இருக்கும். ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, எஜமானர்களைவிடப் புத்திசாலித்தனமாகப் பேசுகிறது. இயந்திரங்கள் மனிதரோடு உரையாடும் இன்றைய நாளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டினால், ‘இது எப்போது எழுதியது?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். இதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும் நூலாகக் கிடைக்கிறது. என் கருத்தில் முதல் நூலின் வேகம் இரண்டாவதில் சற்றுக் குறைவு. ஆனால் ஜீனோவின் மீது வரும் பாசம் இரண்டாவதில்தான் முழுமை பெறுகிறது.

அண்மைத் தொடர்கள் பற்றிய கருத்துகள்

முதலில், பிள்ளைகளுக்கு நான் மனமாரச் சிபாரிசு செய்யும் ஜப்பானியத் தொடர் ஒன்று. மியா கசுகி எழுதிய ‘அசெண்டன்ஸ் ஆஃப் எ புக்வோர்ம்’ 2015 முதல் நூலாக வந்து, 2023 டிசம்பரில் 33ஆம் நூலோடு ஜப்பானிய மொழியில் நிறைவு பெற்றது. ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. புத்தகப் பைத்தியமான ஒரு பெண் இறந்து, புத்தகம் என்பது செல்வர்களுக்கு மட்டுமே எட்டும் ஓர் உலகில் ஏழைக் காவலரின் ஐந்து வயது மகளாகப் பிறக்கிறாள். படிக்கப் புத்தகம் இல்லையென்றால் தானே செய்வது என்று முடிவு செய்கிறாள். புல்லின் நாரை முடைந்து பார்க்கிறாள். நோய்வாய்ப்பட்ட உடம்பு ஒத்துழைக்கவில்லை. களிமண் பலகை செய்கிறாள், நெருப்பில் வெடிக்கிறது. மரச்சில்லுகளில் எழுதிச் சேர்த்து வைக்கிறாள். தாய் விறகென்று எடுத்து எரித்துவிடுகிறாள். கடைசியில் மரப்பட்டையை வேகவைத்து, அடித்து, கூழாக்கிக் காகிதம் செய்கிறாள்.

முதல் மூன்று நூல்களும் தவறவிடக் கூடாதவை. இதைப் படிக்கும் பிள்ளையிடம் நம் ஓலைச்சுவடியைப் பற்றிச் சொல்லலாம். பனை ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, எழுத்து தெரிய மை தடவிய கதை. 1578இல் கொல்லத்தில் தமிழ் அச்சேறிய கதை. ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிய உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த கதை. அந்தக் கற்பனைச் சிறுமிக்குச் சற்றும் குறையாத பிடிவாதக்காரர் நம்மிடமும் இருந்தார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? தொடரின் நடுப்பகுதியில், கதாநாயகி பிரபுக்களின் கல்விக்கூடத்தில் சேர்ந்த பின், பெயர்களும் சடங்குகளும் பெருகி நடை தளர்கிறது. அந்த இடத்தில் பிள்ளை நிறுத்திவிட்டாலும் நஷ்டமில்லை.

கல்லூரி வயதினருக்கு இசுனா ஹசெகுரா எழுதிய ‘ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்’. ஊர் ஊராகச் செல்லும் வியாபாரியோடு, அறுவடையைக் காக்கும் ஓநாய்த் தெய்வம் பெண்ணுருவில் பயணம் செய்கிறது. ஊரார் மறந்துவிட்ட காவல் தெய்வம் என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. போரைவிட வாணிபமே இதில் பெரிது. வெள்ளிக் காசில் வெள்ளியின் அளவு மாறினால் என்ன ஆகும் என்பதை முதல் நூல் சொல்லும் விதம் வணிகவியல் மாணவருக்குச் சுவையாக இருக்கும்.

புகழ்பெற்றிருந்தும் நான் சிறுவர்களுக்கு வேண்டாம் என்று சொல்வது ‘முஷோகு டென்செய்’. 26 நூல்களாக வந்து 2022இல் முடிந்த தொடர். கற்பனை வளம் உண்டு. ஆனால் பெண்களைப் பற்றிய பார்வை பல இடங்களில் முகம் சுளிக்க வைக்கிறது. படம் போட்ட நூல் என்பதால் குழந்தை நூல் என்று எண்ண வேண்டாம். பல ஆங்கிலப் பதிப்புகளில் வயதுக் குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழில் அண்மைக் காலத்தின் பெருந்தொடர் சு.வெங்கடேசனின் ‘வீரயுக நாயகன் வேள்பாரி’. 2016 முதல் 2018 வரை 111 வாரங்கள் ‘ஆனந்த விகட’னில் வந்தது. ‘பொன்னியின் செல்வ’னுக்கு வரைந்த மணியத்தின் மகன் மணியம் செல்வன் இதற்கு ஓவியம் தீட்டினார் என்பது ஒரு நிறைவான தொடர்ச்சி. முல்லைக்குத் தேர் தந்த பாரியைப் பாடப் புத்தகத்து வரியிலிருந்து இறக்கி, பறம்பு மலையின் செடி, கொடி, விலங்குகளுக்கு நடுவே நடமாட விடுகிறார் ஆசிரியர். கபிலர் மலையேறும் தொடக்கப் பகுதிகளுக்கு இணையாகச் சமீபத்தில் நான் எதையும் படிக்கவில்லை. பிற்பகுதியில் போர் நீண்டுகொண்டே போகிறது. வாரம் ஒன்றாகப் படித்தவர்களைவிட நூலாகப் படிப்பவர்களுக்கு இந்த நீளம் அதிகமாகத் தெரியும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ள பிள்ளைகளுக்குச் சிவகாசியிலிருந்து வரும் முத்து, லயன் காமிக்ஸ்களைச் சொல்வேன். 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய வழி அது. பெல்ஜிய மாயக்கதைத் தொடரான ‘தோர்கல்’ தமிழ் பேசுவது இவர்களால்தான். ஒரு கட்டத்தில் சில சொற்களே; புரியாத சொல்லைப் படம் விளக்கிவிடும்.

நாம் செய்யக்கூடியது

நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் எழுதுகிறார்கள். தமிழ் எழுத்து மட்டும் படிக்கத் தெரிவதில்லை. அரிச்சுவடியை வாங்கித் தந்துவிட்டு, “உட்கார்ந்து படி” என்றால் இரண்டு நாளில் சலித்துவிடும். மொழி மேல் பற்று வேண்டும் என்று சொற்பொழிவு செய்தாலும் பயனில்லை. ஆனால், பதினைந்தாம் பாகத்திற்காக நாள் எண்ணும் பிள்ளைக்கு, அடுத்து என்ன ஆகும் என்ற ஆவல் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஆவலுக்கு மொழி பேதம் கிடையாது.

எனவே ஒரு யோசனை. வாரத்தில் இரண்டு நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின், அரை மணி நேரம். பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியோ ஒரு தமிழ்த் தொடரை உரக்கப் படியுங்கள். ‘பொன்னியின் செல்வ’னை வாரத்திற்கு இரண்டு அத்தியாயம் என்று படித்தால் சுமார் மூன்று ஆண்டுகளில் முடியும், பத்து வயதில் கேட்கத் தொடங்கும் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதாகியிருக்கும். அத்தியாயம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். “இன்னும் ஒரே ஒரு பக்கம் அப்பா” என்று கெஞ்சினாலும் நிறுத்துங்கள். புத்தகத்தை மட்டும் மேசையிலேயே விட்டுச் செல்லுங்கள். வந்தியத்தேவன் தப்பினானா என்று அறிய ஒரு நாள் பிள்ளை தானே எழுத்துக் கூட்டும்.

கைம்மாறாக, பிள்ளையின் தொடரில் முதல் பாகத்தை நாமும் படிக்க வேண்டும். சர்ச் தெருப் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் குறைந்த விலைக்கே கிடைக்கக்கூடும். நல்லது எது, அல்லது எது என்று சொல்லும் உரிமை படித்தவருக்குத்தான் உண்டு. படிக்காமல் கண்டிக்கும் பெற்றோரின் பேச்சைப் பிள்ளை மதிப்பதில்லை. தமிழ் நூல்களுக்கு அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது.

விக்கிரமாதித்தன் ஒவ்வொரு முறையும் மரத்துக்குத் திரும்பி நடந்தது கடமைக்காக. நம் வீட்டுப் பிள்ளை கதைக்குத் திரும்பி வருவது ஆசைக்காக. அந்த ஆசை இருக்கும்போதே அதன் கையில் ஒரு தமிழ்த் தொடரைக் கொடுத்துவிடுவோம்.