சிவப்புக் கூரைக்குக் கீழே

பழைய கடை ஒன்றுக்குள் போனால் நான் முதலில் எட்டிப் பார்ப்பது கழிப்பறையைத்தான். புதுப்பிக்க ஒதுக்கும் பணம் கடைசியாக வந்து சேரும் இடம் அது. வாசலில் புதுப் பெயர்ப்பலகை மாட்டுவார்கள். பில் போடும் இடத்தை மாற்றுவார்கள். சுவர் முழுக்கச் சாம்பல் நிறம் பூசுவார்கள். கழிப்பறை வரும்போது கை சுருங்கிவிடும். பழுப்பு நிறச் சின்ன டைல்ஸும் ஆரஞ்சு நிறக் கதவும் அங்கே இன்னும் இருந்தால், முன்னால் எத்தனை புதுமை காட்டினாலும் அந்தக் கட்டடம் எழுபதுகளைச் சேர்ந்தது என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கடைகளின் உட்புறத்தை மாற்றிக் கட்டித்தரும் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் வரைபடம் வரைபவளாக வேலை செய்கிறேன். இடிப்பதற்கு முன்னால் போய், இருப்பதை இருக்கிறபடியே அளந்து வரைந்து கொடுக்க வேண்டும். நான் அளந்து முடித்த சில வாரங்களில் அந்த இடம் அப்படி இருக்காது. அளந்தவற்றை இழக்கிறோமே என்ற உறுத்தலில்தான் படம் எடுக்கத் தொடங்கினேன். இப்போது விடுமுறை நாளிலும் காரை எடுத்துக்கொண்டு, இன்னும் கைவைக்கப்படாத உணவகங்களையும் கடைகளையும் தேடிப் போகிறேன். இந்த நாட்டில் இதே வேலையாக அலைகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. சாலையோர வணிகக் கட்டடங்களை ஆராய்வதற்கென்றே 1977-ல் ஒரு சங்கம் தொடங்கி நடத்திவருகிறார்கள்.

பார்க்கத் தெரிந்துகொண்டால் தரையே நிறையச் சொல்லும். ஒன்பது அங்குலச் சதுர டைல்ஸ் என்றால் பெரும்பாலும் பழசு. அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அதைப் பெயர்த்தெடுக்க உரிமம் பெற்ற ஆட்களை வைக்க வேண்டும், செலவு எகிறும். அதனால் பல இடங்களில் பெயர்க்காமல் மேலேயே புதுத் தரையைப் போட்டுவிடுவார்கள். நம் ஊர் வீடுகளில் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு பெயரும்போது அடியில் பழைய நீலமும் பச்சையும் தெரியுமே, அந்த மாதிரி ஒரு கதவோரத்தில் மேல்தரை பெயர்ந்தால் கீழே ஐம்பது வருடம் பின்னால் போய்விடலாம். டைல்ஸின் நிறம் திடீரென்று ஒரு கோட்டில் மாறினால் அங்கே முன்பு ஒரு சுவரோ கவுன்ட்டரோ இருந்திருக்கிறது. வெளிச்சுவரில் கழற்றிய எழுத்துகளின் இடம் மட்டும் வெயில் படாமல் வெளுக்காமல் நிற்கும். பழைய கடையின் பெயரை அதை வைத்தே படித்துவிடலாம்.

பிறகு விளக்கு. ஒன்றரை அங்குலத் தடிமனில் டியூப் லைட் எரிந்தால் அந்த விளக்குப் பெட்டி மிகப் பழையது. அந்த வகைக் குழல்களில் பெரும்பாலானவற்றின் உற்பத்தி மின்சிக்கன விதிகளால் 2012-ல் நின்றுபோனது. ஒரு அங்குலக் குழல் என்றால் அதற்கு அடுத்த தலைமுறை. எல்இடி என்றால் சமீபத்தில் யாரோ வந்து போயிருக்கிறார்கள். நிறங்களுக்கும் காலம் உண்டு. எழுபதுகளில் ஆரஞ்சு, பழுப்பு, கடுகு மஞ்சள். எண்பதுகளில் வெளிர் இளஞ்சிவப்பும் நியான் கோடுகளும். தொண்ணூறுகளில் ஊதாவும் மயில்பச்சையும் சேர்ந்த வளைவுகள். இரண்டாயிரத்துக்குப் பிறகு மண் நிறங்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக எங்கு பார்த்தாலும் சாம்பல், மரம் போலத் தெரியும் பலகை, கறுப்பு இரும்பு.

இவ்வளவு செலவு செய்து ஏன் மாற்றுகிறார்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நாகரிகம் மாறுவது ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் ஒப்பந்தம். பெரிய உணவக நிறுவனங்களின் கிளைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது ஃபிரான்சைஸ் எடுத்த தனி முதலாளிகள். மெக்டொனால்ட்ஸில் அந்த உரிமம் பொதுவாக 20 ஆண்டுகளுக்கு. அதைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் கடையை இன்றைய தோற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். 2018-ல் அந்த நிறுவனமும் அதன் ஃபிரான்சைஸ் முதலாளிகளும் சேர்ந்து, அமெரிக்கக் கிளைகளில் பெரும்பாலானவற்றை நவீனப்படுத்த 600 கோடி டாலர் செலவிடுவதாக அறிவித்தார்கள். தொடுதிரையில் ஆர்டர் கொடுக்கும் இயந்திரங்கள் ஊர் ஊராக வந்தது அப்படித்தான்.

இன்னொரு காரணம் சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம் 1990-ல் வந்தது. அதன்படி, கடையின் முக்கியப் பகுதியை மாற்றிக் கட்டினால் அங்கே போகும் வழியும் கழிப்பறையும் சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மாற்றும் செலவில் 20 சதவீதம் வரை அதற்காகச் செலவிடும் கடமை உண்டு. நான் மனதார வரவேற்கும் சட்டம் இது. பழைய அழகு என்று நாங்கள் படம் எடுக்கும் பல இடங்களுக்குள் சக்கர நாற்காலி நுழையவே முடியாது. தரையோடு அடித்து நிறுத்திய இருக்கைகளும் ஓர் ஆள் மட்டும் திரும்பக்கூடிய கழிப்பறையும் எல்லாருக்குமான இடங்களாக இருந்ததில்லை.

அமெரிக்காவில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த யாரிடமும் பழைய உணவகம் என்று பேச்செடுத்தால் பீட்சா ஹட்டில் வந்து நிற்பார்கள். நானும் அதில்தான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன். டான் கார்னி, ஃபிராங்க் கார்னி என்ற சகோதரர்கள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே தாயிடம் 600 டாலர் கடன் வாங்கி, 1958-ல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் தொடங்கிய கடை அது. முதல் கட்டடம் சின்னஞ்சிறு செங்கல் கட்டடம். கிளைகள் பெருகியபோது, எல்லாவற்றுக்கும் ஒரே முகம் வேண்டுமென்று அதே ஊர்க் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் பர்க்கிடம் கேட்டார்கள். அறுபதுகளில் அவர் வரைந்து கொடுத்ததுதான் நடுவில் திமில் போல எழும்பிய சிவப்புக் கூரையும், மேலே குறுகிக் கீழே விரிந்த ஜன்னல்களும். நெடுஞ்சாலையில் வேகமாக வருகிறவர் பலகையைப் படிக்க வேண்டியதில்லை. கூரையைப் பார்த்தாலே போதும், கட்டடமே விளம்பரமாகிவிட்டது.

உள்ளே போனால் வெளிச்சம் குறைவு. ஒவ்வொரு மேசைக்கு மேலும் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைத்துச் செய்த விளக்கு தாழ்வாகத் தொங்கும். சிவப்புக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு, எதிரெதிராகச் சிவப்பு ரெக்ஸின் சோபா, மேடு பள்ளமாக இருக்கும் சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர். ஒரு பக்கம் காய்கறிகளை நாமே எடுத்துக்கொள்ளும் சாலட் மேசை. எண்பதுகளில் புத்தகம் படித்த பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒரு சின்ன பீட்சா கொடுக்கும் திட்டமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவில் தொழிலாளர் குடும்பம் ஒன்று, அதிகம் செலவில்லாமல், உட்கார்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிட முடிந்த இடம் இது. தொங்கும் விளக்கு மேசையின் அளவுக்கு ஒரு வெளிச்ச வட்டத்தை மட்டும் தரும். அந்த வட்டத்துக்குள் அந்தக் குடும்பம் மட்டும் இருக்கும். நூறு கடை உட்புறங்களை வரைந்து பழகிய கண்ணுக்கும் இது தேர்ந்த வடிவமைப்பாகத்தான் படுகிறது. இன்று நாங்கள் கூரை முழுக்க ஒரே சீராக வெள்ளை வெளிச்சம் போடுகிறோம். எல்லாம் தெரிகிறது, யாரும் அதிக நேரம் உட்காருவதில்லை.

பிறகு சாப்பாடு வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கியது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வியாபாரத்துக்கு எண்பது பேர் உட்காரும் மண்டபம் தேவையில்லை. கடைவரிசையில் ஓர் அடுப்பு வைக்கும் அளவு இடம் போதும். அமெரிக்காவில் பீட்சா ஹட் கிளைகளை மிக அதிகமாக நடத்திய என்பிசி இன்டர்நேஷனல் நிறுவனம் 2020 ஜூலையில் திவாலுக்கு விண்ணப்பித்தது. அதன் கையிலிருந்த 1,200-க்கும் மேற்பட்ட கடைகளில் 300 வரை மூடப்படும் என்றார்கள். அவற்றில் பெரும்பாலானவை உட்கார்ந்து சாப்பிடும் பழைய கடைகள்.

மூடினாலும் அந்தக் கூரையை யாராலும் மறைக்க முடியவில்லை. வங்கி, பல் மருத்துவமனை, மதுக்கடை, சீன உணவகம், வருமானவரிக் கணக்கு எழுதும் அலுவலகம் என்று எதுவாக மாறினாலும், நீலமோ பச்சையோ பூசினாலும், திமில் காட்டிக்கொடுத்துவிடும். இப்படி ஒரு கூரைக்கு அடியில் மசால் தோசை சாப்பிட்டிருக்கிறேன். நடத்துகிறவர் தெலுங்குக்காரர். ஜன்னல்களை மாற்றலாமா என்று அவர் யோசனை கேட்டபோது வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பென்சில்வேனியாவின் டங்க்ஹானக் என்ற சிற்றூரில் பழைய சின்னத்தையும் கண்ணாடி விளக்குகளையும் சாலட் மேசையையும் திரும்பக் கொண்டுவந்து ஒரு கிளை நடத்துகிறார்கள். நன்றாகவே இருக்கிறது, தொலைவிலிருந்து காரில் வருகிறார்கள். ஆனால் என் மனம் அதில் முழுதாகத் தோயவில்லை. அதே மாநிலத்தின் மேற்குப் பக்கம், உருக்காலை மூடிப்போன ஓர் ஊரில், யாரும் திட்டம் போட்டுப் பாதுகாக்காத ஒரு கிளையைப் பார்த்தேன். சோபா கிழிந்த இடங்களில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். இரண்டு விளக்குகளின் கண்ணாடி உடைந்து சாதாரண பல்ப் எரிந்தது. நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த பரிமாறும் பெண்மணி, "அம்மா, மேலே எங்காவது ஒழுகுகிறதா?" என்று கேட்டார். என் வேலையைச் சொன்னதும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினார். புகைபிடிப்பவர்களுக்கான பகுதி எங்கே இருந்தது, பிறந்தநாளுக்கு எந்த மேசையைக் கேட்பார்கள், வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் எந்தக் கதவு வழியாக வருவார்கள் என்று எல்லாம் சொன்னார். நான் எத்தனை அளவெடுத்தாலும் எந்த வரைபடத்திலும் வராத செய்திகள்.

அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஒரு கடையின் பழைய உட்புறம் தப்பிப் பிழைக்க வேண்டுமென்றால், புதுப்பிக்கும் அளவுக்கு அங்கே வியாபாரம் நடக்கக்கூடாது. மூடும் அளவுக்குப் படுக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே நெடுங்காலம் நின்ற ஊர்களில்தான் எழுபதுகளின் விளக்கும் எண்பதுகளின் சோபாவும் மிச்சமிருக்கின்றன. எல்லாக் கிளையும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதுதான் இந்த நிறுவனங்களின் நோக்கம். அப்படியிருக்க ஒரு கிளை மட்டும் பழையபடியே இருக்கிறதென்றால், பணம் அந்த ஊரைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள். என்னோடு அலைகிறவர்களில் சிலர் இதை வெறும் பழமை ஆசையாகப் பேசும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

பணம் வராமல் பழையபடியே நின்றுபோன கடைகளுக்கு மிகப் பெரிய சாட்சி, கேமார்ட் என்ற மலிவு விலைப் பெருங்கடை நிறுவனம். 1962-ல் மிச்சிகனின் கார்டன் சிட்டியில் தொடங்கியது. வால்மார்ட்டும் டார்கெட்டும் தொடங்கியது அதே ஆண்டில்தான். 2002-ல் திவாலுக்கு விண்ணப்பித்து, மீண்டு, 2005-ல் சியர்ஸ் என்ற கடை நிறுவனத்தோடு இணைந்தது. அதற்குப் பிறகு கடைகளைப் புதுப்பிக்கப் பணம் மிகக் குறைவாகவே வந்தது. அதனால், இரண்டாயிரத்துப் பத்துகளில் ஒரு கேமார்ட்டுக்குள் நுழைந்தால் தொண்ணூறுகளுக்குள் நடப்பதாக இருக்கும். கறை படிந்த ஃபால்ஸ் சீலிங், மங்கிய சிவப்புப் பட்டை, மூடிய சிற்றுண்டிக் கவுன்ட்டரின் ஷட்டர். அமெரிக்கப் பெருநிலத்தில் எஞ்சியிருந்த கடைசிப் பெரிய கடை, நியூயார்க் மாநிலத்தின் பிரிட்ஜ்ஹாம்ப்டனில், 2024 அக்டோபரில் மூடப்பட்டது.

புதுப்பித்தால் பிழைத்துவிடலாம் என்பதும் உறுதியில்லை. ஆப்பிள் கடைகளை உருவாக்கிப் பெயர் பெற்ற ரான் ஜான்சன் 2011 நவம்பரில் ஜேசி பென்னி துணிக்கடைகளின் தலைவரானார். தள்ளுபடிக் கூப்பன்களை நிறுத்தி, பெரிய தளங்களைச் சின்னச் சின்னத் தனிக் கடைகளாகப் பிரித்து அழகுபடுத்தினார். 2012-ல் விற்பனை கால்பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியேறினார். வால்மார்ட்டும் அந்தக் காலத்தை ஒட்டி, நடைபாதைகளில் குவித்திருந்த சரக்கை அகற்றி, ரேக்குகளின் உயரத்தைக் குறைத்து, கடையைத் துப்புரவாக்கிப் பார்த்தது. வாங்க வந்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள், குறைவாக வாங்கினார்கள். சரக்கு மீண்டும் நடைபாதைக்கே வந்தது. குவியலைப் பார்த்தால்தான் விலை மலிவு என்று மனம் நம்புகிறது. வரைபடத்தில் நெரிசலாகத் தெரிவதையெல்லாம் குறையென்று அடித்துவிடக்கூடாது என்பதை நான் இந்த இரண்டு கதைகளிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

சட்டமும் ஊர்மக்களும் சேர்ந்து காப்பாற்றிய கட்டடங்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் டவுனி நகரில் 1953-ல் திறந்த மெக்டொனால்ட்ஸ், இன்று நின்றிருப்பவற்றில் மிகப் பழையது. ஸ்டான்லி மெஸ்டன் வடிவமைத்தது. இரண்டு மஞ்சள் வளைவுகள் கூரையைத் துளைத்துக்கொண்டு இரு பக்கமும் நிற்கும். உள்ளே உட்காரும் இடமே கிடையாது. 1994 நில நடுக்கத்தில் சேதமடைந்து இடிக்கப்படும் நிலைக்கு வந்தபோது, நாட்டின் அழியும் நிலையிலுள்ள வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். எதிர்ப்பு வலுத்தது. பழுதுபார்த்து 1996-ல் மீண்டும் திறந்தார்கள். விச்சிட்டாவில் கார்னி சகோதரர்களின் முதல் செங்கல் கட்டடத்தையும் அந்த ஊர்ப் பல்கலைக்கழக வளாகத்துக்கே நகர்த்திக் கொண்டுபோய் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

முதல் கட்டடம், மிகப் பழைய கட்டடம் என்றால் காப்பாற்ற ஆள் வருவார்கள். இருநூறாவது கிளைக்கு யார் வருவார்கள்? அதன் உட்புறம் எப்படி இருந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த மிக நல்ல ஆவணங்கள் குடும்ப ஆல்பங்கள்தான். கேக்கையும் பிள்ளையையும் எடுத்த படத்தில், பின்னால் விளக்கும் விலைப்பட்டியலும் தரையின் கட்டமும் தற்செயலாக விழுந்திருக்கின்றன. எண்பதுகளில் இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் ஆல்பம் கேட்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் நைலெக்ஸ் புடவையில் அம்மா, இந்தப் பக்கம் சிவப்பு டம்ளர். கொடுத்தால் அன்றே ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன். ஊரும் ஆண்டும் தெரிந்தால் பென்சிலால் பின்பக்கம் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.