டப்பாவுக்குள் இரண்டு துண்டு அட்டை

டீ டம்ளரை நீட்டும்போதே பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் இன்னொரு கையில் பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. "நீ ஆஸ்பத்திரியில மாத்திரை எடுத்துக் கொடுத்த ஆளாச்சே தம்பி. இதுல எது வயித்தை எரிக்குதுன்னு பாரு."

உள்ளே கத்தரியால் நறுக்கிய இரண்டு துண்டு அட்டைகள். ஒன்றில் பேரின் வால் மட்டும். இன்னொன்றில் தலை மட்டும். அலுமினியத் தாளை வெளிச்சத்தில் சாய்த்து, மிச்சமிருந்த பொடி எழுத்துகளைக் கூட்டிப் படித்தேன். ஒன்று டைக்ளோஃபெனாக், முழங்கால் தேய்மானத்துக்கு டாக்டர் எழுதியது. மற்றது அசெக்ளோஃபெனாக், இடுப்பு பிடித்துக்கொண்டபோது மெடிக்கலில் கேட்டு வாங்கியது. பெரியம்மாவுக்கு அவை இரண்டு வெவ்வேறு மருந்துகள்: காலையில் அது, ராத்திரி இது. எனக்கோ ஒரு வீட்டு அண்ணன் தம்பிகள். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் வலி பாதியாகிவிடாது. வயிற்றுக்குத்தான் இரட்டைச் சுமை. மூலையில் மூன்றாவதாக ஒரு சின்ன மாத்திரை, இதயத்துக்காக எழுதிய 75 மில்லிகிராம் ஆஸ்பிரின்.

"சாப்பிட்டுட்டுத்தானே போடுறேன்? வெறும் வயித்துல போட்டாத்தான புண்ணு வரும்?"

இந்த நம்பிக்கை இல்லாத வீடு கிடையாது. மாத்திரை வயிற்றுச் சுவரில் பட்டு அரிக்கிறது என்பது கால்வாசிதான் உண்மை. வயிற்றில் சுரக்கும் அமிலம் சாமானியப்பட்டதல்ல. அது வயிற்றையே தின்னாமல் இருப்பதற்குக் காரணம், உள்சுவரின் மேல் படிந்திருக்கும் கோழைப் படலமும், அந்தச் சுவருக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கும் ரத்த ஓட்டமும். இரண்டையும் கவனித்துக்கொள்வது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அதே பொருள்தான் மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கிளப்புகிறது. ஊரில் தண்டோரா போடுகிறவனே ஏரிக்கரைக்கு மண் அணைக்கிறவனாகவும் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டோராச் சத்தம் தாங்கவில்லையென்று வலி மாத்திரையால் அவனைக் கட்டிப்போட்டால், கரையைப் பார்க்க ஆளில்லை. 1899-லிருந்து கடையில் விற்ற ஆஸ்பிரின் செய்யும் வேலை இதுதான் என்று லண்டனில் ஜான் வேன் கண்டு சொன்னது 1971-ல். 1982-ல் அதற்கு நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. எழுபது வருஷம் காரணம் தெரியாமலே உலகம் அதை விழுங்கியிருக்கிறது.

கட்டிப்போடும் வேலை ரத்தத்தின் வழியாக நடக்கிறது. அதனால் ஊசியாகப் போட்டாலும், குடலில் போய்க் கரையும் மேல்பூச்சு மாத்திரையாக வாங்கினாலும் கரை பலவீனப்படத்தான் செய்யும். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குமட்டல் குறையலாம். புண்ணுக்கு அது காப்பு இல்லை.

"எரிஞ்சா அந்த ரோஸ் கலர் மருந்தை ரெண்டு மூடி குடிச்சிருவேன்."

அதில் எரிச்சல் அடங்கும், புண் தடைபடாது. எனக்குப் பெரிய பயம் எரிகிற வயிற்றைப் பற்றியதல்ல, எரியாத வயிற்றைப் பற்றியது. இந்த மாத்திரைகளால் வரும் புண் பல பேருக்கு முன்கூட்டி வலிப்பதே இல்லை. முதல் அறிகுறியே தார் மாதிரி கறுத்து, பிசுபிசுவென்று, கெட்ட வாடையோடு போகும் மலமாக இருக்கலாம். அல்லது மாடிப்படி ஏறும்போது வரும் மூச்சிரைப்பு, காரணம் புரியாத ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பது வாஸ்தவம். அதற்காக நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்காரக் கூடாது. கறுப்பாகப் போனாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. 65 வயதைத் தாண்டியவர்கள், முன்பே புண் வந்தவர்கள், ஸ்டீராய்டோ ரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள், இரண்டு வலி மாத்திரைகளைச் சேர்த்துப் போடுகிறவர்கள்: இவர்களுக்குத்தான் கூடுதல். பெரியம்மாவுக்கு வயது 68. டப்பாவில் ஆஸ்பிரின் வேறு. வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் குடியிருந்தால் இன்னும் மோசம். பழைய புண்காரர்கள் நீண்ட நாள் வலி மாத்திரையைத் தொடங்குமுன் அந்தக் கிருமிக்குச் சோதனை செய்து, இருந்தால் ஒழித்துவிடுவது நல்லது.

காப்புக்கு டாக்டர்கள் எழுதுவது பெரும்பாலும் ஒமெப்ரசோல், பேன்டப்ரசோல் வகை. நம் ஊரில் அதற்குப் பேர் 'கேஸ் மாத்திரை'. இந்தப் பேர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கேஸ் வந்தால் போடுவது என்று நினைத்து, வராத நாளில் விட்டுவிடுகிறார்கள். வலி மாத்திரை போடும் நாளெல்லாம் இதுவும் வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். வலி மாத்திரையை நிறுத்திய பிறகும் இதை வருஷக்கணக்காக விழுங்குவது எதிர்ப்பக்கத் தப்பு. இது காப்பது வயிற்றையும் அதை ஒட்டிய சிறுகுடலின் தொடக்கத்தையும்தான், அதற்குக் கீழே அல்ல.

வயிற்றை அவ்வளவாகத் தொடாத செலிகாக்சிப் போன்ற மாத்திரைகளும் உண்டு. ஆனால் அந்த இனத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப், மாரடைப்பு கூடுகிறதென்று 2004-ல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இதய நோயாளிக்கு செலிகாக்சிபைக் கடைக்காரர் சொல்லி வாங்குவது சரிவராது. என்னைக் கேட்டால், முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தடவிப் பார்க்கலாம். தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது கொஞ்சம்தான். முடக்குவாதக்காரர்களின் கதை வேறு. அவர்களுக்கு நோயையே அடக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து சரியாகப் போனால் வலி மாத்திரையின் தேவையே சுருங்கும்.

"அப்ப ஆஸ்பிரினை நிறுத்திரவா?"

"அதை மட்டும் நீங்களா தொடாதீங்க பெரியம்மா. டப்பாவோட டாக்டர்கிட்ட போங்க. இடுப்புக்கு வாங்குன அட்டையை இன்னையோட எடுத்து வச்சிருங்க. மெடிக்கல்ல முழு அட்டையாவே கேட்டு வாங்குங்க, பேராவது தெரியும்."

டீ ஆறியிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன். பெரியம்மா கொஞ்சம் யோசித்து, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். "இது பெரியப்பாவோட பல்லு வலி மாத்திரை. முட்டி ரொம்பக் குடைஞ்சா மட்டும் ஒண்ணு போட்டுக்குவேன்."

வாங்கிப் பார்த்தேன். ஐபுப்ரோஃபென். ஆஸ்பிரினுக்கு முன்னால் போட்டால் அதன் வேலையையே கெடுக்கக்கூடியது.

"இதையும் டப்பாவுல போடுங்க" என்று திரும்ப உட்கார்ந்தேன். அவர் இன்னொரு டீ போட உள்ளே போனார்.