உஷார்! சேட்டை என்று பிரம்பைத் தேடாதீர்கள்

சுவா சூ காங் பெற்றோரே, வீட்டில் தொடக்கநிலை 1, 2 படிக்கும் பிள்ளை இருந்தால் இதைத் தள்ளிப்போடாமல் படியுங்கள். "உங்கள் மகன் ஐந்து நிமிடம்கூட நாற்காலியில் உட்காருவதில்லை" என்று ஆசிரியர் சொன்னதும் நம் வீடுகளில் பலரும் முதலில் தேடுவது பிரம்பு. அடுத்து, இன்னொரு துணைப்பாட வகுப்பு. பிள்ளைக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) இருந்தால் இரண்டாலும் ஒரு பயனும் இல்லை. அடி வாங்கியவன் பயப்படுவான், பொய் சொல்லப் பழகுவான். கவனம் மட்டும் வராது.

இது வளர்ப்புக் குற்றமல்ல. பெரும்பாலும் மரபுவழி வருவது. உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஐவருக்கு இருக்கிறது. அப்படியென்றால் 30 பேர் படிக்கும் வகுப்பில் ஒருவராவது இருக்கக்கூடும்.

"கேம் என்றால் மணிக்கணக்கில் அசையாமல் இருக்கிறானே, இவனுக்கா கவனக்குறைவு?" என்று பாட்டி கேட்பார். ஏமாந்துவிடாதீர்கள்! நொடிக்கு நொடி பரிசு தரும் திரை யாரையும் கட்டிப்போடும். சலிப்பான வீட்டுப்பாடத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

எனக்குப் பெரிய கவலை பெண்பிள்ளைகள்தான். அவர்களில் பலர் ஓடுவதில்லை, கத்துவதில்லை. ஜன்னலைப் பார்த்தபடி கனவில் இருப்பார்கள், தண்ணீர்ப் புட்டியைத் தொலைப்பார்கள், பாதிக் கணக்கோடு நிறுத்துவார்கள். "சமர்த்து, கொஞ்சம் மந்தம்" என்று சொல்லியே ஆண்டுகளைக் கடத்திவிடுகிறோம்.

12 வயதுக்குள் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். மருத்துவர்கள் பார்ப்பது இதைத்தான். இதைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மூளையைப் படம்பிடித்து ஒரே நாளில் சொல்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். டிக்டாக் பார்த்து நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். தூக்கக் குறைவு, காது மந்தம், பார்வைக் கோளாறு எல்லாமே இதே தோற்றம் காட்டும்.

மருந்திலும் உஷார்! ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் சிங்கப்பூரில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஊரிலிருந்து வரும் சித்தப்பாவிடம் வாங்கிவரச் சொல்லாதீர்கள்; சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் அவர்தான் மாட்டிக்கொள்வார். அண்ணனின் மாத்திரையைத் தேர்வுக்காகத் தங்கைக்குக் கொடுப்பது அதைவிட ஆபத்து. பசி குறைந்தால், தூக்கம் கெட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக அளவை மாற்றாதீர்கள். ஆறு வயதுக்குக் கீழ் என்றால் மருந்துக்கு முன் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் வழி.

தொடக்கநிலை 6 வரை காத்திருந்துவிட்டுத் தேர்வு நெருங்கும்போது அலறினால் யாராலும் உடனே உதவ முடியாது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாட்டைப் பள்ளி வழியாகத்தான் கேட்க வேண்டும். அதற்கு அறிக்கை வேண்டும். மதிப்பீட்டுக்கு மாதங்கள் ஆகலாம். டெக் வாய் கிரசெண்டில் இருக்கும் பலதுறை மருந்தகத்துக்கு இந்த வாரமே போய்ப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மனநலக் கழகத்தின் சிறுவர் பிரிவுக்கு அங்கிருந்தே வழி காட்டுவார்கள். போகும்போது ஆசிரியரின் குறிப்புகளையும் பழைய மதிப்பெண் அறிக்கைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.