களைக்கு முன்னால் தக்கைப்பூண்டு

சம்பாவும் தாளடியும் அறுவடையானபின், ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும் நாள்வரை, தஞ்சை வட்டாரத்தில் பல வயல்கள் தரிசாகவே கிடக்கின்றன. இடையில் ஒரு கோடை மழை விழுந்தால் போதும், களை முளைத்துப் பூத்து விதையும் உதிர்த்துவிடும். களைக்கொல்லி தொடாத விவசாயி அதற்கு நடவுக்குப் பின் ஆள் கூலியாகப் பணம் கட்டுகிறார். தக்கைப்பூண்டைப் பசுந்தாள் உரமாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். இந்தத் தரிசு நாட்களில் களைக்கு இடம் கொடுக்காமல் நிற்பதும் அதற்கு நிகரான பயன் என்பேன்.

பல களை விதைகள் மிகச் சிறியவை. உள்ளே இருக்கும் உணவு சொற்பம். வெளிச்சம் பட்டால்தான் அவற்றில் பலவும் முளைக்கும், முளைத்த கையோடு வெயிலும் வேண்டும். ஏக்கருக்கு 20 கிலோ விதைத்தால் தக்கைப்பூண்டு சில வாரங்களில் நிழல் கட்டிவிடும். விதையில் மிச்சம் பிடித்தால் இடைவெளியில் களைதான் செழிக்கும். 45, 50 நாளில் பூவெடுக்கும்போது தண்ணீர் கட்டி மடக்கி உழுதால், ஊடே தப்பி வளர்ந்த களையும் விதை பிடிக்குமுன் சேற்றில் அழுகும். நாள் தள்ளினால் தண்டு முற்றி மட்கத் தாமதமாகும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் பரப்பிய பலதானிய விதைப்பும் நிலத்தை இப்படித்தான் மூடுகிறது. அமெரிக்காவில் ரோடேல் நிறுவனத்தார் ரை பயிரை உருளையால் நசுக்கிப் படுக்கவைத்து, அந்தப் போர்வையினூடே சோயா விதைக்கிறார்கள். நமக்கு அந்த உருளை வேண்டாம். மடக்கி உழுதபின் களையை அடக்கும் வேலையை வயலில் நிற்கும் தண்ணீரே பார்த்துக்கொள்கிறது.

உளுந்து காசு தரும்போது பசுந்தாள் எதற்கு என்பது நியாயமான கேள்வி. அறுவடைக்குச் சில நாள் முன்பு நெல்லுக்குள்ளேயே தெளிக்கும் ஆடுதுறை 3 போன்ற உளுந்து ஏப்ரல் வாக்கில் வீடு வந்துவிடும். அதன்பிறகும் நிலம் சும்மாதான் கிடக்கிறது. உண்மையான தடை தண்ணீர். கோடை மழையோ ஆழ்துளைக் கிணறோ இல்லாத கடைமடையில் இதைப் பரிந்துரைப்பது வெறும் பேச்சு. சேற்றில் நேரடியாக நெல் விதைப்பவர்கள் தக்கைப்பூண்டையும் ஊடுபயிராக விதைத்து, ஐந்தாவது வார வாக்கில் கோனோவீடர் என்ற களைக்கருவியை ஓட்டி மிதித்துவிடலாம். கோரைக்கு மட்டும் இது முழு மருந்தாகாது. மேலே நிழல் விழுந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடிருக்கும். கோரை மண்டிய வயலில் முதலில் கோடை உழவு செய்து கிழங்கை வெயிலில் காயவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் தக்கைப்பூண்டு விதைப்பு.