ஒன்று நம் பணம், ஒன்று நம் கடன்: கிஃப்ட் கார்டும் ஸ்டோர் கார்டும்

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இணைய இணைப்பும் வந்துவிட்டது. அடுத்து என்ன? பலரும் இறங்குவது ஆன்லைன் ஷாப்பிங்கில்தான். பிரிண்டர், பென் டிரைவ், ஹெட்செட் என்று ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்குவோம். அப்போது பணம் கட்டும் பக்கத்தில் இரண்டு வரிகள் கண்ணில் படும். "கிஃப்ட் கார்டு இருக்கிறதா? எண்ணை இங்கே டைப் செய்யவும்" என்பது ஒன்று. "எங்கள் கிரெடிட் கார்டு வாங்கினால் உடனடித் தள்ளுபடி" என்பது இன்னொன்று.

இரண்டும் கார்டுதான். இரண்டிலும் கடையின் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் நேர் எதிரானது. கிஃப்ட் கார்டில் நம் பணம் முன்கூட்டியே அவர்களிடம் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஸ்டோர் கார்டில் அவர்கள் பணம் நம்மிடம் கடனாக வருகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் நானும் என் அப்பாவும் ஆளுக்கொரு கார்டில் மாட்டிக்கொண்டோம். இத்தனைக்கும் நான் ஒரு சாஃப்ட்வேர் என்ஜினியர்!

என்ன நடந்தது?

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளியை ஒட்டி என் அலுவலகத்தில் 5,000 ரூபாய்க்கு ஒரு கிஃப்ட் கார்டு கொடுத்தார்கள். பிளாஸ்டிக் கார்டு அல்ல. இமெயிலில் வந்த ஓர் எண்ணும் ஒரு பின் எண்ணும்தான். பல கடைகளில் பயன்படுத்தலாம். கோவில்பட்டியில் இருக்கும் அப்பாவுக்கு அதை ஃபார்வர்டு செய்து, "பிரிண்டர் வாங்கிக்கோங்கப்பா" என்றேன்.

அதே சமயத்தில் அப்பாவுக்கு அவருடைய முதல் கம்ப்யூட்டரை வாங்கச் சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். விலை 37,500 ரூபாய். "சார், எங்க கார்டு எடுத்துக்கிட்டீங்கன்னா 10 சதவீதம் தள்ளுபடி" என்றார் கவுண்டரில் இருந்தவர். அதிகபட்சம் 1,500 ரூபாய்தான் என்பது சிறிய எழுத்தில் இருந்தது. பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மொபைலிலேயே கார்டு வந்துவிட்டது. 36,000 ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் கைக்கு வந்தது.

இரண்டு கார்டுகளும் பிறகு என்ன ஆயின என்பதைப் பார்ப்பதற்கு முன், அவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம்.

கிஃப்ட் கார்டு: எண்தான் பணம்

கார்டில் பணம் இல்லை. கார்டை வெளியிட்ட நிறுவனத்தின் சர்வரில் ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது. அதில் உங்கள் கார்டுக்கென்று ஒரு வரி. கார்டு எண், பின் எண், மீதித் தொகை, காலாவதித் தேதி ஆகியவை அந்த வரியில் இருக்கும். நீங்கள் எண்ணையும் பின்னையும் டைப் செய்தவுடன், சர்வர் இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துத் தொகையைக் கழித்துக்கொள்கிறது. பெரும்பாலான கார்டுகளில் "இதை டைப் செய்பவர் யார்?" என்று அது கேட்பதில்லை. ஆகவே, அந்த எண்கள் யார் கையில் இருக்கின்றனவோ அவருடையதுதான் பணம்.

நம் நாட்டில் கிஃப்ட் கார்டுகள் இரண்டு வகை. ஒரே நிறுவனம் தானே வெளியிட்டு, தன்னிடம் மட்டுமே செலவழிக்க அனுமதிப்பது ஒரு வகை. இதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. அந்தக் கடையின் நிபந்தனைகள்தான் சட்டம். பல கடைகளில் செல்லுபடியாகும் கார்டு இன்னொரு வகை. இதை வெளியிட ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் வேண்டும். 2021-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிமுறைகள் இந்த வகைக்குப் பொருந்தும். அவற்றில் நமக்குத் தேவையானவை இவை:

* ஒரு கிஃப்ட் கார்டின் அதிகபட்ச மதிப்பு 10,000 ரூபாய். மறுபடி பணம் நிரப்ப முடியாது. ரொக்கமாக எடுக்கவும் முடியாது.

* குறைந்தது ஒரு வருடம் செல்லுபடியாக வேண்டும்.

* காலாவதி ஆவதற்கு முந்தைய 45 நாட்களில் வாடிக்கையாளருக்கு நினைவூட்ட வேண்டும்.

* காலாவதி ஆன பிறகும், வாடிக்கையாளர் கேட்டால் கிஃப்ட் கார்டைப் புதுப்பித்துத் தரலாம். மீதித் தொகையைத் திருப்பிக் கேட்டால் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். காலாவதிக்குப் பின் மூன்று வருடங்கள் வரை அந்தத் தொகையை நிறுவனம் தன் லாபக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அப்பாவின் பீரோ

அப்பா என்ன செய்தார் தெரியுமா? இமெயிலைக் கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து, பீரோவில் பேங்க் டெபாசிட் ரசீதுகளோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துவிட்டார். நல்ல பிரிண்டராகப் பார்த்து நிதானமாக வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 14 மாதம் கழித்து எண்ணை டைப் செய்தபோது, "காலாவதியான கார்டு" என்று வந்தது. எனக்கு போன் செய்தவர், "நான்தான் தம்பி தப்பா டைப் பண்ணிட்டேன் போல" என்றார். தவறு அவருடையது அல்ல. நினைவூட்டும் மெயில், கார்டு முதலில் வந்த முகவரிக்குத்தான் போயிருக்கும். அது என் அலுவலக முகவரி. நான் அதற்குள் வேறு வேலைக்கு மாறியிருந்தேன்.

பணம் போயேவிட்டது என்று அப்பா நினைத்தார். மேலே சொன்ன விதியைத் தேடிப் படித்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. கார்டை வெளியிட்ட நிறுவனத்துக்குக் கார்டு எண்ணையும் பழைய மெயிலின் நகலையும் இணைத்து, புதுப்பித்துத் தரும்படி எழுதினேன். (பின் எண்ணை எழுதவில்லை. கவனிக்கவும்.) சில நாட்களில் அப்பாவின் மெயிலுக்குப் புதிய கார்டு வந்தது. அதுவே கடை தானாக வெளியிட்ட கார்டாக இருந்திருந்தால், கடைக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு.

ஆகவே, உங்களுக்கு மெயிலில் கிஃப்ட் கார்டு வந்தால் அன்றே இவற்றைச் செய்திடுங்கள்:

1. அதை வெளியிட்டது யார், எந்தத் தேதி வரை செல்லும் என்று நிபந்தனைப் பகுதியில் பாருங்கள். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பாக மொபைல் காலண்டரில் ஒரு ரிமைண்டர் வைத்திடுங்கள்.

2. கடையின் தளத்தில் "கணக்கில் சேர்" வசதி இருந்தால் உடனே உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பிறகு அந்த எண் யார் கையில் கிடைத்தாலும் பயன்படாது. ஆனால் காலாவதித் தேதி மாறாது என்பதை மறக்க வேண்டாம்.

3. மீதித் தொகையைப் பார்க்க, சர்ச் எஞ்சினில் தேடிக் கிடைக்கும் முதல் தளத்தைக் கிளிக் செய்யாதீர்கள். எண்ணைத் திருடுவதற்கென்றே போலித் தளங்கள் இருக்கின்றன. கார்டில் உள்ள முகவரியை பிரவுசரின் அட்ரஸ் பாரில் நீங்களே டைப் செய்திடுங்கள்.

4. கடையில் தொங்கும் பிளாஸ்டிக் கார்டை வாங்கினால், பின் எண்ணை மறைத்திருக்கும் பூச்சு சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பில்லைத் தூக்கி எறியாதீர்கள்.

கிஃப்ட் கார்டு கேட்பவர் யார்?

எண்தான் பணம் என்பது மோசடிக்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும். உங்கள் மேனேஜர் படத்தோடு ஒரு மெசேஜ் வரும். "மீட்டிங்கில் இருக்கிறேன். வாடிக்கையாளருக்குக் கொடுக்க அவசரமாக நான்கு கிஃப்ட் கார்டு வாங்கி எண்களை அனுப்பு." புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு வேறு விதமாக வரும். இணையத்தில் உலவும்போது திரை முழுக்கச் சிவப்பாக ஓர் எச்சரிக்கை, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்கு போன் செய்யவும்." போன் செய்தால், சரி செய்வதற்கான கட்டணத்தைக் கிஃப்ட் கார்டாகக் கேட்பார்கள்.

ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். வரி, கட்டணம், அபராதம், ரிப்பேர் என்று எதற்காகவும் கிஃப்ட் கார்டு எண்ணைக் கேட்பவர் மோசடிக்காரரே. சிவப்புத் திரை வந்தால் பிரவுசரை மூடிவிடுங்கள். மூட முடியவில்லை என்றால், விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து "எண்ட் டாஸ்க்" கொடுங்கள். எண்ணை அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் செய்யலாம்.

ஸ்டோர் கார்டு: பெயர் கடையுடையது, கடன் வங்கியுடையது

இப்போது என் கதைக்கு வருவோம். கடையின் பெயரில் வரும் கிரெடிட் கார்டைக் கோ-பிராண்டட் கார்டு என்பார்கள். அமேசானின் பெயரில் ஐசிஐசிஐ வங்கி 2018-லும், ஃபிளிப்கார்ட்டின் பெயரில் ஆக்சிஸ் வங்கி 2019-லும் வெளியிட்டவை இந்த வகையே. முன்பக்கத்தில் எந்தக் கடையின் பெயர் இருந்தாலும் நாம் கடன்பட்டிருப்பது வங்கிக்குத்தான். தவணை தவறினால் அது சிபில் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

மாதாமாதம் பணம் கட்ட மறக்கக் கூடாது என்று ஆட்டோ-பே வசதியை ஆன் செய்திருந்தேன். மாதம் தவறாமல் "பணம் பெற்றுக்கொண்டோம், நன்றி" என்று எஸ்.எம்.எஸ். வந்தது. நிம்மதியாக இருந்தேன். ஜனவரியில் ஒருநாள் ஸ்டேட்மெண்ட்டைத் திறந்து பார்த்தால் பகீரென்றது. ஆட்டோ-பே பக்கத்தில் "மொத்தத் தொகை", "குறைந்தபட்சத் தொகை" என்று இரண்டு தேர்வுகள் இருந்திருக்கின்றன. இரண்டாவது ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருந்தது. நான் பார்க்காமல் ஓகே கொடுத்திருக்கிறேன்.

அதன் விலை என்ன? கணக்கைப் பாருங்கள்:

அக்டோபர் 1-ல் வாங்கியது: 36,000 ரூபாய்
அக்டோபர் 30-ல் கட்டிய குறைந்தபட்சத் தொகை (5 சதவீதம்): 1,800 ரூபாய்
பாக்கி: 34,200 ரூபாய்
வட்டி விகிதம்: மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 சதவீதம்
நவம்பர் 10 வரை 40 நாட்களுக்குப் பாக்கிக்கு மட்டும் வட்டி: சுமார் 1,574 ரூபாய்
வட்டி மீது 18 சதவீத ஜிஎஸ்டி: சுமார் 283 ரூபாய்
மொத்தம்: சுமார் 1,857 ரூபாய்

கிடைத்த தள்ளுபடி 1,500 ரூபாய். முதல் வட்டியிலேயே அது காணாமல் போய்விட்டது! கவனியுங்கள், வட்டி கடைசித் தேதியிலிருந்து அல்ல, வாங்கிய தேதியிலிருந்தே ஓடுகிறது. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. ஜனவரிக்குள் வட்டியும் வரியுமாக 4,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. சேமிப்பிலிருந்து எடுத்து மொத்தத்தையும் அன்றே கட்டினேன்.

ஸ்டோர் கார்டு வாங்கலாமா? ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கட்டிவிட முடியும், அந்தக் கடையில் அடிக்கடி வாங்குகிறோம் என்றால் வாங்கலாம். ஒரு நாள் தள்ளுபடிக்காக வேண்டாம். வாங்கினால் இவற்றைப் பார்த்திடுங்கள்:

1. ஆட்டோ-பேயில் "மொத்தத் தொகை" தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். இன்றே உங்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள்.

2. வருடக் கட்டணம், மாத வட்டி, தள்ளுபடியின் உச்ச வரம்பு ஆகிய மூன்றையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

3. "நோ காஸ்ட் இஎம்ஐ" என்றால் செலவே இல்லை என்று பொருளல்ல. வட்டித் தொகையைக் கடை தள்ளுபடியாகத் தரும். வட்டி மீதான ஜிஎஸ்டியும், இருந்தால் பிராசசிங் கட்டணமும் நம் தலையில்தான்.

4. ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகளின்படி, நீங்கள் கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. பாக்கி இல்லாத நிலையில் கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

5. புகாருக்கு வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது.

அப்பா புதுப்பித்த கார்டோடு கையிலிருந்து கொஞ்சம் போட்டுப் பிரிண்டர் வாங்கிவிட்டார். அதில் முதலில் எதை அச்சடித்தார் தெரியுமா? என்னை மெயில் அனுப்பச் சொல்லி, என் கார்டு ஸ்டேட்மெண்ட்டை! "மொத்தத்தையும் கட்டிட்டியாப்பா?" என்று இப்போது மாதாமாதம் போனில் கேட்கிறார். எந்த ரிமைண்டரும் இதற்கு ஈடாகாது. உங்கள் வீட்டில் அப்படிக் கேட்க ஆள் இல்லை என்றால், காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.