சேறு சொன்ன தீர்ப்பு

கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து மூடத் தெரிந்தவருக்கு ‘போல்ட் ஆக்‌ஷன்’ துப்பாக்கி புரிந்துவிடும். பிடியைத் தூக்கு, பின்னால் இழு, முன்னால் தள்ளு, கீழே மடக்கு. இந்த நான்கு அசைவுக்குள் வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு வெளியே தெறிக்கும். புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் ‘திரீ நாட் திரீ’ என்று சொல்லும் லீ என்ஃபீல்ட் இந்த வகைதான்.

நான்கு எதற்கு, இரண்டு போதுமே என்று நினைத்தார் ஸ்காட்லாந்துப் பிரபு சார்லஸ் ராஸ். அவருடைய துப்பாக்கியில் பிடியைத் தூக்கவே வேண்டாம். நேராக இழுத்து நேராகத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். தாழ்ப்பாள் போன்ற போல்ட்டின் உறைக்குள் திருகாணி மரைபோலச் சுழன்று போகும் பள்ளங்கள் இருக்கும். உறையைத் தள்ளினால் உள்தண்டு தானே திரும்பிப் பூட்டிவிடும். அழகான பொறியியல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1902இல் கனடா அரசு ராஸுடன் ஒப்பந்தம் போட்டது. கியூபெக்கில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தின் பிஸ்லியில் நடக்கும் குறிசுடும் போட்டிகளில் ராஸ் துப்பாக்கி பரிசுகளை அள்ளியது.

பிஸ்லியில் சேறு இல்லை. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் இருந்தது.

தொடர்ந்து சுட்டால் குழல் கொதிக்கும். பித்தளைக் கூடு, தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். லீ என்ஃபீல்டில் பிடியைத் தூக்குவதே ஒரு நெம்புகோல் வேலை. கை ஒரு பெரிய வளைவில் நகர, உள்ளே போல்ட் ஒரு சரிவில் ஏறி மில்லிமீட்டர் கணக்கில் பின்வாங்கும். கையின் விசை பல மடங்காகி, ஒட்டிய கூடு கிளம்பிவிடும். ராஸில் அந்த ஆதாயம் மிகக் குறைவு, தோள்பலம்தான் கதி. அறையும் இறுக்கமானது. போதாததற்கு, ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் போல்ட்டைப் பூட்டும் மரை, அதை நிறுத்தும் தடுப்பில் மோதி நசுங்கும். அடித்து இழுக்க இழுக்க இன்னும் இறுகும்! கனடா வீரர்கள் பிடியைப் பூட்ஸ் காலால் உதைத்தார்கள்; மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். சுத்தம் செய்து திரும்ப மாட்டும்போது போல்ட்டைத் தப்பாகச் சேர்த்துவிட்டால் இன்னொரு ஆபத்து: பூட்டாமலே வெடிக்கும், போல்ட் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும்.

புத்தகப்படி பார்த்தால் லீ என்ஃபீல்ட்தான் மட்டம். அதன் பூட்டுகள் போல்ட்டின் பின்பக்கம் இருப்பதால், வெடிக்கும்போது உலோகம் சற்றே நெளியும். குறி சற்றே பிசகுவதற்கு அது ஒரு காரணம். ஆனால் பின்பக்கப் பூட்டைத் துடைப்பது சுலபம், போல்ட் நகரும் தூரமும் குறைவு. ராஸில் 5 தோட்டா, இதில் 10. பழகிய வீரர் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுடுவார். அறை தாராளமாக இருப்பதால், கொஞ்சம் பருத்த தோட்டாவையும் ஏற்றுக்கொள்ளும்.

ஈப்பரில் உயிர் பிழைத்த சுமார் 5,000 கனடியர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ராஸை வீசிவிட்டு, கிடைத்த லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். 1916இல் ராணுவமே மாற்றிக்கொண்டது. பதுங்கியிருந்து சுடும் ஸ்னைப்பர்கள் மட்டும் ராஸை விடவில்லை. துப்பாக்கியைத் துணியில் சுற்றிப் பாதுகாத்து, அவசரமில்லாமல் ஒரே ஒரு தோட்டா சுடுபவருக்கு அதன் துல்லியம் வரம்.

லீ என்ஃபீல்டின் போல்ட்டை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீயும் பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர். சிறுவனாக அவர் வளர்ந்தது கனடாவின் கால்ட் ஊரில்.